மாத்தளை மிளகு வெல்லாவெளியில் படருமா?

கேள்வி: ஐயா, எனக்கு மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் மூன்று ஏக்கர் காணி இருக்கிறது. அப்பா காலத்தில் காடு வெட்டிச் சேனை செய்தது, யுத்தப் பிரச்சினை நேரம் அப்படியே கைவிட்டுப் போனது. நான் கட்டாரில் இருந்து போன வருசம் வந்துவிட்டேன், இனித் தோட்டம்தான் என்று முடிவு. மேல் பக்கம் மேடு, போகப்போக இறக்கம், அடியில் முக்கால் ஏக்கர் அளவு வயல், அதில் மாரிக்கு மட்டும் வேளாண்மை. கிணறு ஒன்று இருக்கிறது, ஆவணியில் நன்றாக இறங்கிவிடும். மனைவியின் ஆட்கள் மாத்தளையில் மிளகு செய்து நல்லாயிருக்கிறார்கள். நானும் மேட்டில் மிளகு வைக்க 200 கன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். றம்புட்டானும் வைக்க ஆசை. கொச்சிக்காயை ஆடிப்பட்டத்தில் போடச் சொல்லி இந்தியா யூடியூப் சனல்களில் சொல்கிறார்கள். யானையும் வந்து போகும். என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

தம்பி, முதலில் மிளகை விடுங்கள். அட்வான்ஸ் விசயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மாத்தளைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு மிளகு காய்க்கிறது, காசும் வருகிறது. ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது மிளகு, உங்கள் காணி இல்லை. எனக்கு வருகிற கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். யாழ்ப்பாணத்து மச்சான் சின்ன வெங்காயத்தில் வீடு கட்டினார், தம்புள்ளைக் கூட்டாளி பெரிய வெங்காயத்தில் லொறி வாங்கினார், நானும் போடலாமா என்று. மச்சானிடம் கேட்டு முடிவெடுக்கிற காரியமா இது? அவருடைய செம்மண்ணும் சுண்ணக்கல்லுக்குள் ஊறுகிற கிணற்றுத் தண்ணீரும் உங்களிடம் இல்லையே. எந்தப் பயிர் என்று யோசிக்கும் முன் எந்த மாதத்தில் மழை, அந்த மழையை உங்கள் மண் எத்தனை நாளைக்கு வைத்திருக்கும் என்ற இரண்டையும் பார்த்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பயிர்ப் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

மழையைப் பார்ப்போம். மட்டக்களப்பில் வருசத்துக்குச் சராசரி 1,600 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூடவே பெய்கிறது. கண்டியில் 1,800 அளவு. பெரிய வித்தியாசம் இல்லையே, அங்கே வருகிற மிளகு இங்கே ஏன் வராது என்றுதான் யாருக்கும் தோன்றும். கூட்டுத்தொகையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், மாதக் கணக்கைப் பாருங்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் தென்மேல் பருவக்காற்றும் கொஞ்சம் கொடுக்கும், வடகீழ் பருவக்காற்றும் கொஞ்சம் கொடுக்கும், நடுவில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடிமழை வேறு. கண்டியில் ஆகக் காய்ந்த மாசி, பங்குனியில்கூட மாதத்துக்கு 70 மில்லிமீற்றர் அளவு சராசரியாக விழுகிறது. நமக்கோ ஐப்பசியில் தொடங்கித் தை முடிய உள்ள நாலு மாதத்துக்குள் வருச மழையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொட்டித் தீர்ந்துவிடும். ஆனி மாதச் சராசரி 30 மில்லிமீற்றர் அளவுதான், அதுவும் ஒரே நாளில் பெய்துவிட்டு மிச்சம் முழுக்க வறட்சி.

அந்த வறட்சிக்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்த கச்சான் காற்றுத்தான். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் காற்று மேற்கில் மலை ஏறும்போதே தன்னுடைய ஈரத்தை இரத்தினபுரி, நாவலப்பிட்டி, கினிகத்தேனைப் பக்கம் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் சூட்டுக்காற்று. பகல் பதினொரு மணிக்குப் வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரை வெட்டையில் நின்று பார்த்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த மாதங்களில் வெயிலும் காற்றுமாக ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீற்றர் தண்ணீரைப் பயிரிடமிருந்தும் நிலத்திடமிருந்தும் இழுத்துக்கொண்டு போகும்.

இதோடு மண்ணைச் சேர்த்துப் பாருங்கள். உங்கள் பக்கத்து மேட்டுநிலத்தில் அதிகம் உள்ளது கருங்கல் பாறை சிதைந்து வந்த மணல் கூடிய மண். விவசாயத் திணைக்களத்தின் மண் படத்தில் கல்சியமற்ற கபில மண் என்று போட்டிருப்பார்கள். கொத்துவதற்கு இலேசு, மழை விட்ட மறுநாளே உள்ளே இறங்கி வேலை செய்யலாம், கச்சான் என்கிற நிலக்கடலை பிடுங்கினால் காய் மண்ணுக்குள் அறுந்து நிற்காது. ஆனால் தண்ணீரையும் பசளையையும் பிடித்துவைக்கத் தெரியாத மண், ஓலைப்பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றின மாதிரி. ஓர் அடி ஆழ மண்ணில் பயிருக்குக் கிடைக்கிற தண்ணீர் 25, 30 மில்லிமீற்றர்தான் தேறும். மிளகின் உறிஞ்சு வேர் பெரும்பாலும் மேல் இரண்டு அடிக்குள். அப்படியென்றால் மழை விட்ட நாளில் இருந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கொடியின் கையிருப்பு முடிந்துவிடும். வைகாசியில் இருந்து புரட்டாதி வரை எத்தனை பத்து நாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மாத்தளையில் யாரும் மிளகுக்கு வாளியோடு திரிவதில்லை, நீங்கள் திரிய வேண்டிவரும்.

மிளகே வராது என்று சொல்லவில்லை. கிணற்றடியில், பலா மர நிழலில், குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில் நாலு கொடி வைத்தால் வீட்டுக்குப் போதுமான அளவு காய்க்கும், நம் ஊரில் பல வளவுகளில் நிற்கிறது. ஏக்கர் கணக்கில் காசுப்பயிராக வைக்கிறதுதான் கூடாது.

றம்புட்டானுக்கு இதைவிடச் சுருக்கமான பதில். அது மல்வானைப் பக்கத்து ஈரவலய மரம். கச்சான் காற்றில் இலை ஓரம் எல்லாம் கருகி நிற்கும். கன்று விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார்.

வலயப் படம் என்று ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வருசத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் ஈரவலயம், 1,750க்குக் கீழ் என்றால் உலர்வலயம், நடுவில் இடைவலயம். அதற்குள் உயரத்தை வைத்து 300 மீற்றர் வரை தாழ்நாடு, 900 வரை இடைநாடு, அதற்கு மேல் மலைநாடு. மாதாந்த மழையையும் மண்ணையும் நில அமைப்பையும் போட்டு நாட்டை மேலும் பிரித்து 46 உபவலயமாக்கி வைத்திருக்கிறது விவசாயத் திணைக்களம், பழைய படத்தில் 24தான் இருந்தது. மட்டக்களப்பின் பெரும்பகுதி அதில் டீ.எல் 2பி என்ற துண்டுக்குள் வரும். டீ என்றால் உலர், எல் என்றால் தாழ்நாடு. அந்தத் துண்டுக்கு எதிர்பார்க்கிற மழை என்று போட்டிருப்பது 1,100 மில்லிமீற்றர்தான். முதலில் 1,600 என்று சொன்னேனே என்று குழம்பாதீர்கள், அது சராசரி. இது நாலு வருசத்தில் மூன்று வருசமாவது நம்பி இருக்கக்கூடிய அளவு. தோட்டம் போடுகிறவன் சராசரியை வைத்துத் திட்டம் போட்டால் பாதி வருசம் கடன்காரனாக நிற்பான். நம்பக்கூடிய அளவை வைத்துப் போடுங்கள், அதையும் மீறி நாலாவது வருசம் ஒன்று வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டத்தின் பெயரைச் சொல்லி ஆலோசனை கேட்கிறதும் சரிவராது. அம்பாறை மாவட்டத்தையே எடுங்கள். மேற்கு மூலையில் பதியத்தலாவையில் இறப்பர் வைத்திருக்கிறார்கள், அது மலை அடிவாரம், இடைவலயம் ஆரம்பிக்கிற இடம். அதே மாவட்டத்தில் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்காரருக்குச் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது, தட்டையான களி வண்டல் நிலம், இரண்டு போகமும் நெல். கீழே பொத்துவிலுக்குப் போனால் வேறு கதை. மூன்று இடத்துக்காரரும் அடையாள அட்டையில் அம்பாறை என்றுதான் எழுதுவார்கள்.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமென்றால் வாவிக்குக் கிழக்கே கடல் பக்கத்து எழுவான்கரைக்கு வாருங்கள். களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கம் வெறும் கடல் மணல், உங்கள் மண்ணை விடவும் மோசமான மண். உங்களுக்குப் பெய்கிற அதே மழைதான். ஆனாலும் அங்கே வெற்றிலைக் கொடி பச்சைப்பசேல் என்று நிற்கிறது, கத்தரி, மிளகாய், பயிற்றை எல்லாம் விளைந்து லொறியில் ஏறுகிறது, தென்னை ஓங்கி நிற்கிறது. எப்படி? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள அந்த மணல் திடலுக்குள் மாரி மழை இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீர்ப் படை ஒன்றாக நிற்கிறது. சில அடி தோண்டினாலே தண்ணீர். தென்னை வேர் நேரே அதில் குடிக்கும், தோட்டக்காரர் கிணற்றில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு நாளும் ஊற்றுவார்கள், மாட்டெருவை வண்டி வண்டியாகப் போடுவார்கள். மண் பிடிக்காத தண்ணீரைக் கை பிடித்துக் கொடுக்கிறது. அவர்களுக்கும் பயம் இல்லாமல் இல்லை, அளவுக்கு மேல் மோட்டரை ஓடவிட்டால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிணறுகள் உவர்த்துப்போய்க் கிடந்ததை அந்தக் கரை ஆட்கள் மறக்கவில்லை. சரி, நான் சொல்ல வந்தது, வாவியைத் தாண்டினாலே பயிர் மாறுகிறது. அதற்கு மாத்தளை வரை போக வேண்டியதில்லை.

இனி உங்கள் காணி. எனக்கு அதைப் பார்க்கக் கிடைக்கவில்லை, ஆனால் இறக்கமும் அடியில் வயலும் என்று நீங்கள் எழுதியதே முக்கால்வாசியைச் சொல்லிவிட்டது. மூன்று ஏக்கரை ஒரே காணி என்று நினைக்கிறதை விட்டுவிடுங்கள். மேல், நடு, அடி என்று மூன்று காணி அது.

இந்தக் கிழமையே மூன்று இடத்திலும் மூன்று அடி ஆழத்துக்குக் குழி தோண்டுங்கள். வெட்டிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். மேல் குழியில் அநேகமாகக் கபில நிறம் அடி வரைக்கும் ஒரே சீராகப் போகும், இடையில் கிறவல் ஒரு படையாக வரலாம், எந்த ஆழத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுக் குழியில் இரண்டு அடிக்குக் கீழே சாம்பல் நிறமும் அதற்குள் இரும்புத் துரு மாதிரிச் செம்மஞ்சள் புள்ளிகளும் தெரியக்கூடும். அந்தப் புள்ளி எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அந்த மட்டம் வரைக்கும் மாரியில் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது. ஆவணி வெயிலில் தோண்டினாலும் மார்கழி வெள்ளத்தின் அளவு அங்கே பதிந்து கிடக்கும். அடிக் குழியில் ஓர் அடிக்குள்ளேயே சாம்பல் வந்துவிடும், பிடித்தால் கையில் ஒட்டும்.

இந்தப் புள்ளியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. உலர்வலயம் என்றதும் எல்லோருக்கும் தண்ணீர் இல்லாத பயம்தான் வருகிறது. நம் பக்கத்தில் கோடையில் காய்ந்து செத்த மரத்துக்குக் குறையாமல் மாரியில் வேர் அழுகிச் செத்த மரமும் உண்டு. பப்பாசி, தேசி, மிளகாய் எல்லாம் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே போதும். 2011 தை வெள்ளத்தில் இந்த மாவட்டமே என்ன பாடுபட்டது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே துருப் புள்ளி இரண்டு அடிக்கு மேலே தெரிகிற எந்த இடத்திலும் பழமரம் நடாதீர்கள், மேட்டுநிலம் என்று காணி உறுதியில் எழுதியிருந்தாலும் சரி.

மேல் துண்டில் நிரந்தரப் பயிர். கிணற்றுத் தண்ணீர் எட்டாத பகுதி என்றால் ஒட்டு மரமுந்திரிகை. மணலும் கிறவலும் அதற்குப் பிரச்சினை இல்லை, பூத்துக் காய் பிடிக்கிற மாசி, பங்குனியில் காய்ந்த வானம்தான் அதற்கு விருப்பம், அந்த வானம் நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மாவும் அப்படித்தான், பூவில் மழை விழுந்தால் கருகிக் கொட்டும், ஈரவலயத்தில் மா சரியாகக் காய்க்காததற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீர் எட்டுகிற பகுதியில் தேசி, தோடை. எல்லாவற்றையும் ஐப்பசியில் முதல் நல்ல மழைக்கு நட்டுவிடுங்கள், தை முடியும்போது வேர் பிடித்திருக்கும். மார்கழிக்குப் பிறகு நடுகிறவர்கள் வருகிற கோடை முழுக்கக் குடத்தோடு திரிய வேண்டிவரும். முதல் மூன்று வருசம் மரத்துக்கு நடுவில் உள்ள இடம் சும்மா கிடக்கும், அதில் மாரிக்குக் கௌபி, பயறு போடலாம், பங்குனி மழைக்கு எள்ளு எறியலாம். வாழைத் தோப்பு வேண்டாம், யானைக்கு அழைப்பிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும், கார்த்திகைக் காற்றுக்கும் அது நிற்காது. 1978 நவம்பர் சூறாவளியில் இந்தக் கரையில் தென்னையே முறிந்து கிடந்தது.

நடுத் துண்டு மாரிக்கான மேட்டுப்பயிர் நிலம். கச்சானும் சோளனும் மாறி மாறிப் போடுங்கள். கச்சானை வரம்பு உயர்த்திய பாத்தியில் விதைக்க வேண்டும், கார்த்திகைத் தண்ணீர் வழிந்து ஓட வழி இருக்க வேண்டும். உங்கள் மண்ணில் கல்சியம் குறைவு, அது இல்லாவிட்டால் கொட்டை நிரம்பாமல் கோதாகத்தான் வரும். பூக்கிற நேரத்தில் ஜிப்சம் போட்டு மண் அணைத்துவிடுங்கள். பசளையை ஒரே தடவையில் கொட்டாதீர்கள், அடுத்த மழைக்கு அது நவகிரி ஆற்றுக்குப் போய்விடும், இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். கச்சான் பிடுங்குகிற தை மாதத்தில் மழை இன்னும் மிச்சமிருக்கும், காய வைக்கக் களமும் படங்கும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தோடு குவித்தால் பூஞ்சணம் பிடித்து முழுதும் வீண். சோளனுக்கு 2018 கடைசியில் அம்பாறைப் பக்கம் தலைகாட்டின படைப்புழு இன்னும் போகவில்லை. முளைத்த இரண்டாம் கிழமையில் இருந்தே குருத்துக்குள் விரித்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஊர் எல்லோரும் ஒரே மழைக்கு விதைத்தால் தாக்கமும் குறையும்.

அடித் துண்டு நெல்லுக்கென்றே உள்ளது, அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. உங்களுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடையாது, ஆகவே நாலு மாத இனங்களுக்கு ஆசைப்படாமல் பி.ஜி 300 மாதிரி மூன்று மாதத்து நெல்லையோ, ஆகக் கூடினால் மூன்றரை மாதத்து நெல்லையோ புரட்டாதிக் கடைசியில் புழுதியில் விதைத்து ஐப்பசி மழைக்கு முளைக்க விடுங்கள். மழை பிந்திய வருசத்துக்கு இரண்டரை மாதத்து பி.ஜி 250 இருக்கிறது. வெள்ளாமை வெட்டின கையோடு, வயலில் ஈரம் காயும் முன், உழுததும் உழாததுமாகப் பாசிப்பயறு எறியுங்கள். 60, 65 நாளில் வந்துவிடும், மாசியில் விதைத்தது கச்சான் காற்று எழும்பும் முன் வீட்டில். வயலின் ஏதாவது மூலையில் உமரி முளைக்கிறதா, மண் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கிறதா என்றும் பாருங்கள், அப்படியென்றால் உப்பு. அந்த மூலைக்கு மட்டும் உப்புத் தாங்குகிற ஏ.ரி 354. கட்டாக்காலி மாட்டுக்கு வேலி இல்லாமல் பயறு போட்டால் பயன் இல்லை, அது உங்களுக்குத் தெரியும்.

கொச்சிக்காய்க்கு வருகிறேன். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தமிழ்நாட்டுக்காரருக்குச் சரியான வாக்கு. அவர்களுக்கு ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வரும், தென்மேல் பருவமழையும் உள்நாட்டில் ஓரளவு விழும், அதோடு விதைத்தால் ஐப்பசி மழைக்குப் பயிர் தலையெடுத்துவிடும். நமக்கு ஆடி என்றால் கச்சான் காற்று உச்சத்தில் அடிக்கிற மாதம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழிதான் வெல்லாவெளிக்குப் பொருந்தும். அந்தச் சூட்டில் மிளகாய் நாற்றை நட்டால் பூச்சி குருத்தில் ஏறி இலை சுருண்டு போகும், தப்பிப் பிழைத்தது காய்க்கத் தொடங்குகிற நேரம் மாரி வந்து வேரையும் காயையும் அழுக வைக்கும். இரண்டு பக்கமும் அடி. மார்கழி நடுவில் ஒரு பொலித்தீன் கூரைக்குக் கீழே நாற்றுமேடை போடுங்கள், தைக் கடைசியில் மழை விலகும்போது நடுங்கள். சித்திரையில் ஆயத் தொடங்கலாம், வைகாசி, ஆனி வரை ஆய்ந்துகொண்டு, கிணறு இறங்குகிற நேரம் பயிரையும் முடித்துவிடலாம்.

எவ்வளவு போடலாம்? அதைக் கிணற்றிடம் கேட்க வேண்டும், இதில் ஊகம் உதவாது. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் என்றால் 4,000 லீற்றர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் போகிறது என்று வைத்தால் ஓர் ஏக்கருக்கு 20,000 லீற்றர், அரை ஏக்கருக்கு 10,000, கால் ஏக்கருக்கு 5,000. உங்கள் கிணறு எத்தனை அடி விட்டம் என்று எழுதவில்லை. 5 மீற்றர் விட்டமுள்ள வட்டக்கிணறு என்றால் தண்ணீர் மட்டம் கால் மீற்றர் ஏறினால் 5,000 லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு நாள் காலையில் மோட்டரைப் போட்டு நன்றாக இறைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்தில் கிணற்றுச் சுவரில் ஒரு பெயின்ற் கோடு போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். இதைப் பங்குனியில் ஒரு தடவை, ஆனியில் ஒரு தடவை செய்யுங்கள். ஆனியில் கால் மீற்றர்தான் ஊறுகிறது என்றால் நீங்கள் கால் ஏக்கர் மிளகாய்க்காரர், அதற்கு மேல் ஒரு வரிசைகூட வேண்டாம். சொட்டு நீர்க் குழாய் போட்டு, அடியில் வைக்கோல் பரப்பினால் கொஞ்சம் கூட்டலாம். வங்கியில் கடன் எடுத்து இரண்டாவது கிணறு வெட்டுகிற யோசனை இருந்தால் முதல் கிணற்றின் ஊற்றை ஒரு வருசம் அளந்த பிறகு பார்ப்போம், கருங்கல் நிலத்தில் எல்லாக் கிணறும் ஊறாது.

யானை விசயம். வலயப் படத்தில் அது இல்லை, ஆனால் படுவான்கரையில் பயிரைத் தீர்மானிக்கிறதில் மழைக்கு அடுத்தது அதுதான். சோளன், வாழை, கரும்பு, தென்னங்கன்று, விளைந்த நெல் எல்லாம் அதற்குப் பிடிக்கும். தேசி, தோடையை அது சாப்பிடுவதில்லை, மிளகாயிலும் வாய் வைக்காது. கடந்து போகும்போது மிதிக்கும், அது வேறு. ஆகவே காட்டுப் பக்க எல்லையில் தேசியை நெருக்கமாக இரண்டு வரிசை வையுங்கள், சோளனை வீட்டோடும் பக்கத்துக் காவலோடும் சேர்ந்த பக்கத்தில் போடுங்கள். தேசி வரிசை யானையைத் தடுத்துவிடும் என்று நம்பிக் காவலுக்குப் போகாமல் படுத்துவிடாதீர்கள், மின்வேலி இருக்கிற இடத்திலேயே அது வழி கண்டுபிடிக்கிறது.

மண் பரிசோதனைக்கு மூன்று குழியிலும் மேல் அரை அடி மண்ணைத் தனித்தனிப் பையில் எடுத்துப் பெயர் எழுதி, உங்கள் கமநல சேவை நிலையத்தில் இருக்கிற விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். மூன்றையும் ஒன்றாகக் கலந்து கொடுக்காதீர்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு யாருடைய காணிக்கும் பொருந்தாத ஒரு கணக்கு வருகிறது. அவரை ஒரு தடவை காணிக்கே கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, குழியை மூடாமல் வையுங்கள்.

கடைசியாக அட்வான்ஸ். நாற்றுமேடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்காமல், 200 மிளகுக்குப் பதிலாக ஆறு மிளகும் மிச்சக் காசுக்கு ஒட்டு மரமுந்திரிகையும் தேசியும் தரச் சொல்லிக் கேளுங்கள், புரட்டாதிக்கு முன் கேட்டால் அநேகமாக மாற்றித் தருவார், ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அவருக்கும் நல்ல கன்று மிஞ்சாது. ஒட்டுப்போட்ட இடம் தெளிவாகத் தெரிகிற கன்றாகப் பார்த்து எடுங்கள், விதைக் கன்றை ஒட்டுக்கன்று என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. மாற்றித் தரமாட்டேன் என்றால் அந்த அட்வான்சை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். 200 குழி வெட்டுகிற கூலியும் 200 கொடிக்கு ஊன்றுதடியும் நாலு மாதம் தண்ணீர் ஊற்றுகிற டீசலும் அதைவிடக் கூடத் தின்னும்.